கராத்தே வகுப்பில் சேருபவர் முதலில் கற்க வேண்டியது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தற்காப்புக் கலைகளைப் பற்றித் தங்கள் நாளிதழ் அண்மையில் வெளியிட்ட சிறப்புப் பக்கத்தைப் படித்தேன். கராத்தேக்கு அதில் தாராளமாகவே இடம் ஒதுக்கியிருந்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அடுக்கி வைத்த ஓடுகளைக் கையால் உடைக்கும் படமும், அந்தரத்தில் எழும்பி உதைக்கும் படமும், கருப்புப் பட்டை கட்டிய சிறுவர்களின் வரிசையும் பக்கத்தின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டதால், நாளைக்கு முதன்முறையாக ஒரு பயிற்சிக் கூடத்தின் வாசலில் போய் நிற்கப்போகும் ஒருவருக்கு உள்ளே என்ன நடக்கும் என்பது தெரியாமலேயே போய்விட்டது. பல ஆண்டுகளாகப் புதியவர்களுக்குக் கராத்தே சொல்லித் தந்து வருபவன் என்ற முறையில் அந்தக் குறையை ஓரளவு நிரப்பலாம் என்று இதை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டதைப் பொறுத்தருள வேண்டும்.

புதிதாக வருபவர்கள் ஏறக்குறைய எல்லோருமே அடிக்கக் கற்றுக்கொள்ளப்போகிறோம் என்ற நினைப்போடுதான் வருகிறார்கள். முதல் ஓராண்டில் அவர்களுக்குச் சொல்லித் தரப்பட வேண்டியதோ தன் கையையும் காலையும் நினைத்த இடத்தில், நினைத்த கணத்தில் நிறுத்தும் திறமை. முழு வேகத்தில் செலுத்திய முஷ்டியை எதிரில் நிற்பவரின் மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்த முடிகிறவருக்கு, தேவை வந்தால் அதே முஷ்டியை இன்னும் இரண்டு அங்குலம் உள்ளே செலுத்துவது பெரிய காரியமில்லை. நிறுத்தத் தெரியாதவரால் எதிரில் நிற்பவருக்கு ஆபத்து. அவருடைய சொந்த முழங்கை மூட்டுக்கும் முழங்கால் மூட்டுக்கும் ஆபத்து. இந்தக் கட்டுப்பாட்டைச் சொல்லித் தருகிறார்களா என்பதை வைத்தே ஒரு வகுப்பு நல்ல வகுப்பா என்று முடிவு செய்துவிடலாம் என்பது என் கருத்து.

முதல் வகுப்பின் வெளித்தோற்றத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே நுழையும்போது தலை தாழ்த்தி வணங்க வேண்டும். பட்டை வரிசைப்படி நிற்க வேண்டும். வெள்ளைப் பட்டைக்காரர்கள் கடைசியில் நிற்பார்கள். மண்டியிட்டு அமர்ந்து சில நொடிகள் கண்ணை மூடியிருந்த பிறகு பயிற்சி தொடங்கும். கட்டளைகளும் எண்ணிக்கையும் உலகெங்கும் ஜப்பானிய மொழியிலேயே இருக்கும்: யோய் என்றால் ஆயத்தமாக நிற்க வேண்டும், ஹஜிமே என்றால் தொடங்க வேண்டும், யாமே என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். இச்சி, நி, சான் என்று பத்து வரை எண்ணப் பழகுவதற்கு இரண்டு வகுப்புகள் போதும். இந்தச் சொற்களைப் பார்த்து யாரும் மிரள வேண்டியதில்லை. ஆனால் யாமே என்ற சொல்லை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தச் சொல் காதில் விழுந்த பிறகும் ஒரு குத்து விடுகிற மாணவரைக் கண்டிக்காமல் விடும் ஆசிரியரிடம் நான் என் பிள்ளையை அனுப்ப மாட்டேன்.

அடுத்தது முஷ்டி. கையை மூடினால் முஷ்டி, இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று தோன்றும். நான்கு விரல்களையும் நுனியிலிருந்து இறுக்கமாகச் சுருட்டி உள்ளங்கைக்குள் அழுத்தி, கட்டைவிரலை வெளிப்புறமாக, ஆள்காட்டி விரல் நடுவிரல் இரண்டின் மேலும் குறுக்கே மடித்து வைக்க வேண்டும். கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள்ளே புதைத்துக்கொள்வது புதியவர்களிடம், குறிப்பாகச் சிறுவர்களிடம், வழக்கமாகக் காணும் பிழை; அப்படியே எதையாவது குத்தினால் முறிவது அந்தக் கட்டைவிரல்தான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் புறங்கையோடு சேரும் இரண்டு பெரிய கணுக்கள் மட்டுமே இலக்கில் பட வேண்டும், மணிக்கட்டு மேலேயோ கீழேயோ மடங்காமல் முன்கையோடு ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். பயிற்சியில்லாதவர் கோபத்தில் வீசும் குத்து பெரும்பாலும் சுண்டுவிரல் பக்கத்துக் கணுவில்தான் விழுகிறது. அந்தப் பக்கத்து எலும்பு மெலிதானது என்பதால், சண்டைக்குப் பிறகு கையில் மாவுக்கட்டோடு வருபவர்களில் பலருக்கு உடைந்திருப்பது அந்த எலும்பாகவே இருக்கும்.

முஷ்டியைவிட அதிக காலம் எடுப்பது நிற்கக் கற்பது. கராத்தேயில் நிலைகள் பல உண்டு என்றாலும், பெரும்பாலான பள்ளிகளில், அதாவது கராத்தே மரபுகளில், புதியவர் மாதக்கணக்கில் உழைப்பது முன்காலை மடக்கிப் பின்காலை நீட்டி நிற்கும் ஸென்குட்சு தாச்சி என்ற நிலையில்தான். உடல் எடையில் பாதிக்குச் சற்று அதிகமான பங்கு முன்காலில் இருக்கும். இரண்டு பாதங்களுக்கும் இடையே பக்கவாட்டில் தோள் அகலம் இடைவெளி வேண்டும். அதை விட்டுவிட்டு இரண்டு பாதங்களையும் ஒரே கோட்டில் வைத்து நிற்பவரைச் சுண்டுவிரலால் பக்கத்திலிருந்து தள்ளினாலும் சாய்ந்துவிடுவார். பின்பாதத்தின் குதிகால் தரையை விட்டு எழக் கூடாது. எழுந்தால் குத்தும்போது தரையிலிருந்து கிடைக்க வேண்டிய உந்துவிசை கிடைக்காது. இவை எல்லாவற்றையும்விட நான் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பது முன்முழங்காலை. அது பாதத்தின் விரல்கள் காட்டும் திசையிலேயே மடங்க வேண்டும். களைப்பு ஏற ஏற அது உட்புறமாகச் சரிய ஆரம்பிக்கும். அப்படிச் சரிந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்பவர்தான் பிற்காலத்தில் கராத்தே என் முழங்காலைக் கெடுத்துவிட்டது என்று சொல்கிறார்.

நின்ற பிறகு குத்து. இடுப்பருகே உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும் முஷ்டி, முழங்கை விலாவை உரசியபடி நேராக முன்னே போய், இலக்கை அடையும் தறுவாயில் உள்ளங்கை கீழ்நோக்கித் திரும்புகிறது. அதே நொடியில் மற்றொரு கை முன்னாலிருந்து இடுப்புக்கு இழுக்கப்படுகிறது. ஹிக்கித்தே எனப்படும் இந்த இழுப்பு எதற்கு என்று புதியவர்கள் கேட்பார்கள், கேட்க வேண்டும். எதிராளியின் கையையோ சட்டையையோ பற்றித் தன்பக்கம் இழுத்துக்கொண்டே குத்துவதற்கான அசைவு அது என்று விளக்கிவிட்டால், வெறும் அலங்காரமாகத் தெரிந்தது பொருளுள்ளதாகிவிடும். குத்தின் வலிமை தோளில் பிறப்பதில்லை. பின்காலால் தரையை உந்தி, இடுப்பைத் திருப்பி, அந்தத் திருப்பத்தின் கடைசியில் கையை விடுவதால் வருகிறது. தோள் காதுவரை உயர்ந்தால் இடுப்பு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். காற்றில் குத்தும்போது முழங்கையைப் பூட்டிவிடும் அளவுக்கு நீட்டக் கூடாது. நூறு குத்துகளுக்கு ஒவ்வொரு முறையும் மூட்டு முட்டி நின்றால், இரண்டே வாரத்தில் முழங்கையின் பின்புறம் வலிக்கத் தொடங்கும். அந்தக் கடைசிச் சிறு பகுதியைத் தசைகளைக் கொண்டு நிறுத்தப் பழகுவதே நான் மேலே சொன்ன கட்டுப்பாட்டின் அரிச்சுவடி.

உதையிலும் இதே கதைதான். முன்னுதைக்கு முதலில் முழங்காலை உயர்த்த வேண்டும், பிறகு முழங்காலுக்குக் கீழுள்ள பகுதியைச் சுண்டி விட வேண்டும், உடனே மடக்கித் திரும்ப இழுக்க வேண்டும், அதற்குப் பிறகே பாதம் தரையில் இறங்க வேண்டும். கால்விரல்களை மேல்நோக்கி இழுத்து, விரல்களுக்குக் கீழேயுள்ள சதைப்பற்றான பகுதியால் உதைப்பார்கள். விரல்களை நீட்டிக்கொண்டு உதைத்தால் அவை மடங்கி முறியும். புதியவர்களின் உதையில் குறையாக இருப்பது பெரும்பாலும் மூன்றாவது பகுதி. காலை வீசிவிட்டு அதன் எடையோடு தாமும் முன்னே விழுவார்கள். திரும்ப இழுக்காத காலை எதிராளி பிடித்துக்கொள்வார். சுழன்று பக்கவாட்டில் வரும் மவாஷி கெரிக்கு ஊன்றிய பாதமும் சேர்ந்து திரும்பி, குதிகால் இலக்கை நோக்க வேண்டும். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டிருக்க, மேலே உடல் மட்டும் திரும்பினால் அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். எவ்வளவு உயரம் உதைக்க முடிகிறது என்பதை வைத்துப் பெருமைப்படுபவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. இடுப்பு உயரத்துக்கு மேல் ஓர் உதைகூடப் போகாமல் பல ஆண்டுகள் சிறப்பாகக் கராத்தே செய்யலாம்.

தனியாகச் செய்யும் இந்த அடிப்படைகளைக் கிஹோன் என்பார்கள். இவற்றை ஒரு குறிப்பிட்ட வரிசையில், குறிப்பிட்ட திசைகளில் கோத்து வைத்தது கட்டா. கட்டாவைப் பார்க்கும் பலர் இது நடனம், சண்டைக்கு உதவாது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது இப்போதைய வடிவத்துக்கு எப்படி வந்தது என்று தெரிந்தால் இந்த அவசரத் தீர்ப்பு சற்றே தளரும். இன்று ஜப்பானின் பகுதியாக உள்ள ஒகினாவா, 1879 வரை ரியூக்கியூ என்ற தனி அரசாக இருந்தது. அதன் தலைநகர் ஷூரி, துறைமுகம் நாஹா, அருகிலிருந்த தொமாரி ஆகிய ஊர்களில் சீனக் கலைகளின் செல்வாக்கோடு வளர்ந்த கைப்போர் முறைகளே கராத்தேயின் வேர். ஆசிரியர் தாம் தேர்ந்தெடுத்த ஒருசில சீடர்களுக்கு மட்டும் கற்பித்து வந்த இந்தக் கலையை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தோசு அன்கோ என்ற ஷூரி ஆசிரியர் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். வகுப்பு நிறைய சிறுவர்கள். ஒவ்வொருவரின் கையையும் பிடித்துத் திருத்த வழியில்லை. ஒருவரையொருவர் அடிக்கவும் விட முடியாது. அந்தச் சூழலுக்காகவே அவர் பினான் எனப்படும் ஐந்து கட்டாக்களை வகுத்தார். துணையில்லாமல் செய்யலாம், வரிசையாக நின்று செய்யலாம், யாருக்கும் காயமில்லை.

அந்தப் பினான் கட்டாக்களைத்தான் உலகின் பல பள்ளிகளில் புதியவர்கள் இன்றும் கற்கிறார்கள். ஒகினாவாவிலிருந்து வந்து ஜப்பானில் கராத்தேயைப் பரப்பிய ஃபுனகோஷி கிச்சின் அவற்றுக்கு ஹெயான் என்று பெயர் மாற்றியதோடு முதல் இரண்டின் வரிசையையும் மாற்றிவிட்டார். எனவே காணொளியில் ஒன்றைப் பார்த்துவிட்டு ஆசிரியர் தவறாகச் சொல்லித் தருகிறார் என்று முடிவு கட்டுபவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். கட்டாவைப் புதியவர் அணுக வேண்டிய முறை எளிமையானது. முதலில் திசைகள், பிறகு நிலைகள், பிறகு கைகள், கடைசியில் வேகம். வேகத்தை முதலில் பிடிப்பவர் மூன்று மாதத்தில் கட்டாவை முடித்துவிடுவார். அதைத் திருத்த மூன்று ஆண்டு ஆகும். ஒவ்வொரு அசைவுக்கும் எதிராளி எங்கே நிற்கிறார், எப்படித் தாக்குகிறார் என்று விளக்கும் பகுதிக்குப் புங்காய் என்று பெயர். அதை முற்றிலும் விட்டுவிட்டுக் கட்டாவைக் கற்பிக்கும் இடங்களும் இருக்கின்றன. அங்கே கற்பவர்கள் அதை நடனம் என்று நினைப்பதில் தவறு சொல்ல முடியாது.

துணையோடு செய்வது குமித்தே. இதைத்தான் எல்லோரும் ஆவலோடு எதிர்பார்க்கிறார்கள். இதில்தான் அவசரமே கூடாது. முறையான வகுப்பில் முதலில் தாக்குபவர் எந்த இடத்தை, எந்தக் கையால் தாக்கப்போகிறார் என்பதை அறிவித்துவிட்டே தாக்குவார். ஐந்து முறை அடியெடுத்து வைத்து முன்னேறி ஐந்து குத்துகள். தற்காப்பவர் ஐந்து முறை பின்வாங்கி ஐந்து தடுப்புகள், கடைசியில் ஓர் எதிர்க்குத்து. பிறகு அது மூன்றாகி, ஒன்றாகக் குறையும். தடுப்பதைவிட முக்கியமாக இங்கே கற்பது இடைவெளி. எவ்வளவு தூரத்திலிருந்து ஓர் எட்டு எடுத்து வைத்தால் முஷ்டி சரியாக முகத்தருகே வந்து நிற்கும் என்பதைக் கண் பழகிக்கொள்ள வேண்டும். தாக்குபவர் நேர்மையாகத் தாக்காமல், துணைவரின் காதோரமாகக் காற்றைக் குத்திவிட்டுப் போனால் இருவருமே எதையும் கற்பதில்லை. அறிவித்த இடத்தை நோக்கி, உண்மையான வேகத்தில் வந்து, தடுப்பு தவறினால் தோலுக்கு முன்னால் நிறுத்த வேண்டும். இதில் தேறிய பிறகே முன்னறிவிப்பில்லாத சுதந்திரச் சண்டை. சேர்ந்த முதல் மாதத்திலேயே இருவரை எதிரெதிரே நிறுத்தி ஹஜிமே என்று சொல்லிவிட்டு வேடிக்கை பார்ப்பது சேவற்சண்டை நடத்துவதற்கு ஒப்பானது.

போட்டி விதிகள் இந்தக் கட்டுப்பாட்டை எவ்வளவு தூரம் மதிக்கின்றன என்பதற்கு 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்த ஓர் இறுதிப் போட்டியே சான்று. கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போன அந்த ஒலிம்பிக்கில்தான் கராத்தே முதன்முதலாகப் பதக்கப் போட்டியாக இடம்பெற்றது. ஆண்களுக்கான 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதியில் சவூதி அரேபியாவின் தாரெக் ஹமேதி புள்ளிகளில் முன்னிலையில் இருந்தார். அவர் விட்ட உதை ஈரானின் சஜாத் கன்ஜ்ஜாதேயின் தலையில் பட, அவர் நினைவிழந்து தரையில் விழுந்தார். குத்துச்சண்டையில் எதிராளியை இப்படிக் குத்தி வீழ்த்தியவர் வெற்றி பெறுவார். இங்கே நடுவர்கள் அவரை அளவுக்கு மீறிய தாக்குதலுக்காகத் தகுதி நீக்கம் செய்தார்கள். நினைவிழந்து தூக்கிச் செல்லப்பட்டவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. உலகம் முழுவதும் இதைக் கேலி செய்தவர்கள் ஏராளம். எனக்கும் ஹமேதிக்காக வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் மீறிய விதி நேற்று எழுதியதல்ல. உலகக் கராத்தே கூட்டமைப்பின் விதிப்படி தலைக்கு விடும் உதைக்கு மூன்று புள்ளி, உடலுக்கு விடும் உதைக்கு இரண்டு, குத்துக்கு ஒன்று. அதிகப் புள்ளி தரும் அந்தத் தலையுதை கட்டுப்பாட்டோடு நிற்க வேண்டும் என்பது அந்தப் புள்ளிக்கான விலை. சிறுவர் பிரிவுகளில் தலையைத் தொடுவது பற்றிய விதிகள் இதைவிடக் கடுமையானவை.

நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லாக் கராத்தேயும் இந்த வழியில் போவதில்லை. ஓயாமா மசுதாட்சு நிறுவிய கியோகுஷின் என்ற பள்ளியில் உடலைக் குறிவைக்கும் குத்துகளும் உதைகளும் நிறுத்தாமல் முழு வலுவோடு விழும். தலைக்கு உதைக்கவும் அனுமதி உண்டு. ஆனால் அங்கும் போட்டியில் முகத்தில் கையால் குத்துவதற்குத் தடை உண்டு. அந்தப் பாதையை விரும்புபவர்களுக்கு அது நல்ல பாதையே. அடி வாங்கும் உடலுறுதியை வளர்ப்பதில் அதற்கு ஈடு குறைவு. சேருவதற்கு முன்பே அது அப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டு சேர வேண்டும் என்பது மட்டுமே என் வேண்டுகோள். மற்றபடி ஜப்பானில் பெரிதாக வளர்ந்த பள்ளிகள் நான்கு. ஃபுனகோஷியின் வழிவந்த ஷோட்டோகானில் நிலைகள் நீளமாகவும் தாழ்வாகவும் இருக்கும். மியாகி சோஜுனின் கோஜுரியூ, நெருங்கிய தூரத்துச் சண்டையையும் மூச்சுப் பயிற்சியையும் வலியுறுத்தும். மபுனி கென்வாவின் ஷிட்டோரியூவில் கட்டாக்களின் எண்ணிக்கை அதிகம். பிடித்து மடக்கும் ஜப்பானியக் கலையான ஜுஜுட்சுவின் பின்னணியிலிருந்து வந்த ஓட்சுகா ஹிரோனோரியின் வாடோரியூவில் தாக்குதலுக்கு விலகி நழுவும் அசைவுகள் மிகுதி. எதில் சேருவது என்று புதியவர் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பள்ளியின் பெயரைவிட, வாரத்தில் மூன்று மாலைகள் எதிரில் நின்று திருத்தப்போகும் ஆசிரியர் எப்படிப்பட்டவர் என்பது பல மடங்கு முக்கியம்.

பட்டைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கடிதம் முழுமையாகாது. பெற்றோர் கேட்கும் முதல் கேள்வியே கருப்புப் பட்டை எப்போது கிடைக்கும் என்பதுதான். பட்டை வழக்கமும் வெள்ளைச் சீருடையும் கராத்தேக்குப் பழங்காலச் சொத்து அல்ல. கானோ ஜிகோரோ உருவாக்கிய ஜூடோவிலிருந்து எடுத்துக்கொண்டவை. நிறங்களின் வரிசையும் படிகளின் எண்ணிக்கையும் அமைப்புக்கு அமைப்பு மாறும். பொதுவாக கியூ எனப்படும் ஒன்பது அல்லது பத்து தொடக்கநிலைப் படிகளைக் கடந்த பிறகே முதல் டான், அதாவது கருப்புப் பட்டை. அந்த முதல் டானைப் பழைய ஆசிரியர்கள் கல்வியின் தொடக்கமாகத்தான் கருதினார்கள். இத்தோசு 1908இல் எழுதிய பத்து அறிவுரைகள் கொண்ட கடிதத்தில், கராத்தேயை விரைவில் கற்றுவிட முடியாது என்றும், நாள்தோறும் ஒன்றிரண்டு மணி நேரம் பயின்றால் மூன்று நான்கு ஆண்டுகளில் உடல் மாற்றத்தைக் காணலாம் என்றும் குறிப்பிடுகிறார். நாள்தோறும் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வந்துவிட்டு ஓராண்டில் கருப்புப் பட்டை என்று விளம்பரம் செய்பவர்கள் விற்பது துணியைத்தான். தேர்வுக்குக் கட்டணம் வாங்குவதில் தவறில்லை. தேர்வில் யாருமே ஒருமுறைகூடத் தோற்றதில்லை என்றால் அது தேர்வு இல்லை.

ஓடு உடைக்கும் படத்துக்கு வருகிறேன். அது ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். துணிவும் குறியும் வேண்டும். ஆனால் பலகையை எப்போதும் அதன் ரேகை ஓடும் போக்கிலேயே பிளக்குமாறு பிடிக்கிறார்கள். ஓடுகளுக்கு இடையே சிறு குச்சிகளை வைத்து இடைவெளி விட்டால், மேலோடு முறிந்து கீழோட்டின் மேல் விழ, அது அடுத்ததை முறிக்க உதவுகிறது. தவிரவும், ஓடு விலகாது, திருப்பி அடிக்காது. வளரும் குழந்தைகளின் கை எலும்புகளில் வளர்ச்சிக்கான மென்மையான பகுதிகள் இன்னும் இறுகாமல் இருக்கும். எனவே அவர்களை ஓடு உடைக்கவைப்பதையும், கணுக்கள் தடித்துப்போகும் வகையில் கடினமான பரப்புகளில் குத்தவைப்பதையும், சிமெண்டுத் தரையில் முஷ்டியை ஊன்றித் தண்டால் எடுக்கவைப்பதையும் நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஒகினாவாவில் கயிறு சுற்றிய மரப்பலகையான மகிவாராவில் குத்திப் பழகும் வழக்கம் உண்டு. அதுகூட வளர்ந்தவர்களுக்கானது, அந்தப் பலகையும் குத்துக்கு வளைந்து கொடுக்கும்படியே நடப்படுகிறது.

தற்காப்பு என்ற சொல்லைச் சற்று அடக்கத்தோடு பயன்படுத்த வேண்டும் என்றும் தோன்றுகிறது. சில வாரப் பயிற்சியில் கத்தியோடு வருபவரை வெறுங்கையால் மடக்கலாம் என்று செய்து காட்டுபவர்களை நம்பி ஒருவர் உண்மையான கத்தியை நோக்கிக் கையை நீட்டிவிடக் கூடாது. ஓட முடியுமானால் ஓடுவதும், பொருளைக் கேட்டால் கொடுத்துவிடுவதும் எந்தக் கட்டாவையும்விடப் பயனுள்ளவை. ஓராண்டுப் பயிற்சி தருவது வேறு. ஆபத்தான தூரத்துக்குள் யாரோ நுழைகிறார் என்பதை முன்கூட்டியே உணரும் கண், தள்ளினால் விழாத கால், பதற்றத்தில் அடைத்துக்கொள்ளாத மூச்சு, தேவைப்பட்டால் உரக்கக் கத்தும் தொண்டை. கியாய் என்ற அந்தக் கத்தல் வெட்கத்தால் முதல் மாதம் பலருக்கு வெளியே வருவதில்லை; வயிற்றை இறுக்கி மூச்சை வெளியேற்றும்போது குரலும் சேர்ந்து வந்தால் போதும்.

வயதைப் பற்றித் தயங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆறேழு வயதில் தொடங்கலாம், ஐம்பதிலும் தொடங்கலாம். சிறுவர்களுக்கு விளையாட்டும் சமநிலையும் கவனமும் முதலில். ஐம்பதில் வருபவர் தாழ்ந்த நிலைகளைச் சற்று உயர்த்தி, குதிப்பதைத் தவிர்த்து, உடலைச் சூடேற்றிக்கொள்ளும் பயிற்சிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். இதயக் கோளாறோ பழைய மூட்டுக் காயமோ இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, ஆசிரியரிடமும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நான் பார்த்தவரை, வளர்ந்தவர்கள் பாதியில் நிறுத்துவதற்குக் காரணம் உடல் ஒத்துழைக்காதது அல்ல. பத்து வயதுச் சிறுமியொருத்தி உயர்ந்த பட்டையோடு தமக்கு முன்வரிசையில் நிற்பதைத் தாங்கிக்கொள்ள முடியாததே பல நேரங்களில் காரணம்.

வகுப்பைத் தேர்ந்தெடுக்க விரும்புபவர், பணம் கட்டுவதற்கு முன் ஒரு முழு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்க வேண்டும். மறுத்தால் அடுத்த இடத்தைத் தேடலாம். அனுமதித்தால் முன்வரிசைக் கருப்புப் பட்டைகளை விட்டுவிட்டுக் கடைசி வரிசையைப் பார்க்க வேண்டும்: வெள்ளைப் பட்டைக்காரரின் முழங்காலை யாராவது வந்து திருத்துகிறார்களா, இருவராகப் பயிலும்போது பெரியவர் சிறியவரிடம் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறாரா, சண்டைப் பயிற்சிக்குப் பல்காப்பும் கையுறையும் கட்டாயமா, அடி பட்டவரை உட்காரவைக்கிறார்களா அல்லது தாங்கிக்கொள் என்கிறார்களா. தலையில் அடிபட்டு மயங்கியவரை அன்றைக்கே மறுபடி களத்தில் இறக்குபவர் எத்தனை டான் வைத்திருந்தாலும் அவரை விட்டு விலகிவிட வேண்டும். சிறுவர்கள் பயிலும் இடத்தில் பெற்றோர் எந்த நேரமும் உள்ளே வந்து பார்க்க முடிகிறதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

தங்கள் நாளிதழ் இதைப் போன்ற சிறப்புப் பக்கங்களை மீண்டும் வெளியிடும்போது, பயிற்சிக் கூடங்களின் விளம்பரங்களுக்கு அருகிலேயே மேலே சொன்ன கேள்விகளையும் ஒரு சிறு பெட்டியாக வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஓடு உடைக்கும் படத்துக்குப் பதிலாக, எதிரில் நிற்பவரின் முகத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் முஷ்டி நிற்கும் படமொன்றை வெளியிட முடிந்தால் இன்னும் மகிழ்வேன். நல்ல வகுப்புகளில் அப்படிப்பட்ட காட்சி ஒவ்வொரு மாலையும் கிடைக்கும், புகைப்படக்காரருக்கு அதிக சிரமம் இருக்காது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகரான ஒரு கராத்தே பயிற்றுநர்